386 பிராசசர் கணினியில் இன்றைய லினக்ஸ் ஓடுமாம். ஓட்டிக் காட்டுங்கள், பார்க்கலாம்!

பழைய_இரும்பு:
பக்கத்து இழையில் டக்ஸ்_தாசன் எழுதியதை அப்படியே ஒட்டுகிறேன்: "பரணில் 386 கிடந்தால் காயலான் கடைக்குப் போடாதீர்கள். லினக்ஸ் எதிலும் ஓடும். இன்றைய லினக்ஸை ஏற்றினால் புதுசு மாதிரி ஆகிவிடும்." கீழே ஆளாளுக்குக் கைதட்டல் வேறு.

ஓடாது சாமி. 386-க்கான ஆதரவை லினக்ஸின் மையமான கர்னலிலிருந்து எடுத்தே விட்டார்கள். 2012 டிசம்பரில் கர்னல் நிரலாளர் இங்கோ மோல்நார் அனுப்பிய மாற்றம், 2013 பிப்ரவரியில் வந்த 3.8 கர்னலில் அமலானது. 1991-ல் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதத் தொடங்கியதே ஒரு 386-ல்தான். பிறந்த வீட்டையே இடித்துவிட்டார்கள், இவர் இன்னும் அங்கே விருந்துக்கு ஆள் கூப்பிடுகிறார்.

இதை நம்பி எவனாவது ஒரு புதுப் பையன் ரிச்சி தெருவில் 386 தேடி அலையப் போகிறான். பாவம்.

டக்ஸ்_தாசன்:
வணக்கம் அண்ணே. எனக்காகத் தனி இழையே திறந்ததற்கு நன்றி.

நான் பொதுவாகச் சொன்னேன், பழைய கணினியைத் தூக்கிப் போடாதீர்கள் என்று. என் வீட்டில் ஒரு பென்டியம் 3, 256 எம்பி ரேம். டைனி கோர் என்ற குட்டி லினக்ஸில் வரைகலைத் திரையெல்லாம் இல்லாத, கட்டளை வரி மட்டும் உள்ள கோர் பதிப்பைப் போட்டிருக்கிறேன். மொத்தமே 20 எம்பிக்குள். பால் கணக்கு, மின் கட்டணம், வாடகை எல்லாம் ஒரே டெக்ஸ்ட் கோப்பு. கிரெப் கட்டளை போட்டுப் பால் வரிகளைப் பிரித்து, கூட்டிச் சொல்லும் ஆக் கட்டளைக்கு அனுப்பினால் மாதக் கூட்டல் வந்து நிற்கிறது. எக்செல் திறப்பதற்குள் நான் டீயே குடித்துவிடுவேன். இதில் இருக்கிற சுகம் தெரிந்தவர்கள் ஒரு எண்ணைப் பிடித்துத் தொங்கமாட்டார்கள்.

பழைய_இரும்பு:
பென்டியம் 3-ஐ இங்கே யார் கேட்டது? அது 1999. 386 வந்தது 1985. நடுவில் 14 வருடம். நீங்கள் எழுதியது 386. ஓடுமா, ஓடாதா?

நள்ளிரவு_ரூட்:
ஓடும் ப்ரோ. பழைய கணினி மாதிரியே நடிக்கும் 86பாக்ஸ் எமுலேட்டரில் 386 வைத்து, 8 எம்பி ரேம் கொடுத்து, ஸ்லாக்வேர் 3 லினக்ஸை நிறுவினேன். ஃப்ளாப்பியின் நகல் கோப்புகளை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி, A, AP, N என்ற தொகுப்பு வரிசைகள் முழுதாக. ஃப்ளாப்பி ஓடும் சத்தம்கூட வருகிறது. செம ஃபீலிங்.

பழைய_இரும்பு:
தம்பி, ஸ்லாக்வேர் 3 வந்தது 1995. அது இன்றைய லினக்ஸா? எமுலேட்டர் 386-ஆ? கேள்வியின் இரண்டு காலையும் வெட்டிவிட்டு ஓடுகிறது என்கிறாய்.

என் மேசையில் இருப்பது நிஜ 386. ஏஎம்டியின் 386டிஎக்ஸ்-40. முப்பது பின் சிம் ரேமை நாலு நாலாகத்தான் செருக வேண்டும், ஏனென்றால் ஒவ்வொன்றும் 8 பிட், பிராசசருக்கு 32 வேண்டும். மூன்று செருகினால் பீப் சத்தம்தான், படம் வராது. இதையெல்லாம் மவுஸால் கிளிக் பண்ணிக் கற்றுக்கொள்ள முடியாது.

அமைதிவிரும்பி:
நண்பர்களே, "ஓடும்" என்றால் பூட் ஆனால் போதுமா, தினசரி வேலைக்கு ஆக வேண்டுமா? "இன்றைய" என்றால் எந்த வருடம்? இதை முதலில் பேசி முடிவு செய்துவிட்டால் சண்டையே இருக்காது.

பழைய_இரும்பு:
சண்டை யார் போட்டது? 386-ல் ஓடுமா என்றுதான் கேட்கிறேன்.

சாலிடர்_செல்வி:
ஓடாது என்பது சரி. ஏன் ஓடாது என்று ஒருவரும் சொல்லவில்லையே, அதையும் நானே சொல்லிவிடுகிறேன். சிஎம்பிஎக்ஸ்சிஹெச்ஜி, எக்ஸ்ஆட், பிஸ்வாப் என்ற கட்டளைகள் 486-ல்தான் வந்தன. முதல் இரண்டும் இல்லாமல், இரண்டு வேலைகள் ஒரே தரவில் மோதாதபடி பூட்டுப் போடுவதைச் சுற்றி வளைத்துத்தான் செய்ய வேண்டும். அதைவிடத் தலைவலி எழுத்துத் தடை. ஒரு மெமரிப் பக்கத்தில் எழுதக்கூடாது என்று குறித்து வைத்திருந்தாலும், கர்னலே எழுதும்போது 386 அதைக் கண்டுகொள்ளாது. இதைத் தடுக்கும் பிட் 486-ல்தான் வருகிறது. ஆக 386-க்காக மட்டும் தனிச் சரிபார்ப்புகளைச் சுமந்துகொண்டிருந்தார்கள். இறக்கி வைத்ததில் தப்பே இல்லை.

அப்புறம் பழைய_இரும்பு அண்ணனிடம் ஒன்று. உங்கள் "நிஜ 386"-ல் ஹார்டு டிஸ்க் இருக்கிறதா? போன முறை நீங்கள் போட்ட படத்தில் ஹார்டு டிஸ்க் மாட்டும் ஐடிஇ கேபிள் நுனியில் ஒரு சிஎஃப் கார்டு தொங்கிக்கொண்டிருந்தது. கேமராவில் போடுகிற மெமரி கார்டு எந்த ஊரில் 1991-ன் பொருள்? எமுலேட்டர் பையனை மட்டும் ஏன் விரட்டுகிறீர்கள்?

நள்ளிரவு_ரூட்:
அக்கா 🔥🔥🔥

பழைய_இரும்பு:
சிஎஃப் கார்டு சேமிப்பதற்கு. பிராசசர் 386. இழை எதைப் பற்றியது? பிராசசரைப் பற்றி. கணினியைத் தொடக்கிவிடும் பழைய பயாஸ், டிஸ்க்கை அளக்கும்போது 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டருக்கு மேல் எண்ணத் தெரியாமல் 504 எம்பியில் நின்றுவிடும். அதற்குத் தகுந்த மாதிரி சின்னக் கார்டாகப் பார்த்து, மூன்று எண்களையும் கையால் தட்டி ஏற்றினேன். அது ஏமாற்று வேலை அல்ல, வேலை.

சாலிடர்_செல்வி:
வேலையைப் பற்றிப் பேசலாமா? நீங்கள் "நல்லா இருக்கு, தைரியமா எடுத்துக்கோ தங்கச்சி" என்று என் தலையில் கட்டினீர்களே ஒரு போர்டு. கீபோர்டு சாக்கெட் பக்கத்தில் நீல நிறப் பீப்பாய் பேட்டரி கசிந்து, சுற்றிலும் பச்சை பூத்திருந்தது. வினிகர் தடவி, ஐசோபுரபைல் ஊற்றிக் கழுவிப் பார்த்தால் தாமிரத் தடம் நாலைந்து இடத்தில் மாவாக உதிர்ந்திருக்கிறது. மெல்லிய கம்பி வைத்து ஒவ்வொன்றாக ஒட்டினேன். இன்றுவரை கீபோர்டு எழவில்லை. நிஜ வன்பொருள், நிஜ வன்பொருள் என்று கொடி பிடிக்கிறவர் பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டாவது கொடுத்திருக்கலாம்.

பழைய_இரும்பு:
பார்த்துத்தானே எடுத்தீர்கள் செல்வி? அதுவும் 386எஸ்எக்ஸ் போர்டு. அதிலும் இன்றைய லினக்ஸ் ஓடாது.

டக்ஸ்_தாசன்:
ஹாஹா. போர்டே ஓடவில்லை, லினக்ஸ் எங்கே ஓடும்.

சரி, எல்க்ஸ் என்று ஒன்று இருக்கிறது, கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 8086-லேயே ஓடும். 360 கேபி ஃப்ளாப்பியில் போட்டுப் பூட் பண்ணலாம். இன்றும் அதில் வேலை நடக்கிறது. எம்பெடபிள் லினக்ஸ் கர்னல் சப்செட் என்று பெயரிலேயே லினக்ஸ் இருக்கிறது. 8086-ல் ஓடுவது 386-ல் ஓடாதா? ஆக, நான் எழுதியது சரிதான். முடிந்தது கதை.

பழைய_இரும்பு:
எல்க்ஸ் என்பது லினக்ஸைப் பார்த்து 16 பிட்டுக்காக எழுதிய சின்னக் கர்னல். உங்கள் டைனி கோர் புரோகிராம் ஒன்றை எடுத்து அதில் போட்டுக் காட்டுங்கள். டைனி கோர் தளத்திலேயே குறைந்தபட்சம் 486டிஎக்ஸ் என்றுதான் போட்டிருக்கிறார்கள், நீங்கள் படித்திருக்கமாட்டீர்கள். அடுத்து நெட்பிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத்தைச் சொல்வீர்கள். அவர்களும் 5.0-லேயே 386-ஐக் கழற்றிவிட்டார்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டேன், நேரம் மிச்சம்.

இன்னொன்று. பால் கணக்கு, வாடகை என்றீர்களே, கறுப்புக் கன்சோலில் தமிழ் எப்படித் தெரிந்தது? அங்கே எழுத்துருவில் 512 வடிவத்துக்கு மேல் இடம் கிடையாது, கொம்பையும் காலையும் சேர்த்துப் போடவும் தெரியாது. "கொ" என்று அடித்தால் கட்டம் கட்டமாக வரும். படம் காட்டுங்கள்.

டக்ஸ்_தாசன்:
தங்லீஷில் எழுதுகிறேன். என் பால் கணக்கு, என் இஷ்டம். உங்களிடம் அனுமதி வாங்க வேண்டுமா?

வேர்டுஸ்டார்_மாமா:
நடுவில் வருவதற்கு மன்னிக்கணும். நான் அச்சகத்தில் டாஸ் காலத்திலிருந்து இருப்பவன். நீங்கள் எல்லோரும் கணக்குக் கோப்பு, கட்டளை என்கிறீர்களே, எதில் தட்டச்சு செய்கிறீர்கள்? விம் எடிட்டர் என்றால் நான் இப்போதே எழுந்து போய்விடுகிறேன். ஒரு வரி எழுத முதலில் 'ஐ' அமுக்கு, முடித்ததும் எஸ்கேப் அமுக்கு என்று, கோயிலுக்குள் போவது போல் செருப்பைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்க முடியாது. டாஸ் கால எழுத்து மென்பொருளான வேர்டுஸ்டாரில் கன்ட்ரோலோடு ஈ, எஸ், டி, எக்ஸ். மேலே, இடது, வலது, கீழே. விரல் நகரவே வேண்டாம். லினக்ஸில் ஜோ எடிட்டரை ஜேஸ்டார் என்று கூப்பிட்டால் அதே விசைகள் வரும். சும்மா வைரம் மாதிரி.

நள்ளிரவு_ரூட்:
மாமா, விம்மில் ஹெச், ஜே, கே, எல். அதுவும் விரல் நகராது. இயல்பான இடம் அதுதான்.

வேர்டுஸ்டார்_மாமா:
இயல்பாவது ஒன்றாவது தம்பி. விம்முக்கு மூதாதையான விஐ எடிட்டரை பில் ஜாய் எழுதியது ஏடிஎம்-3ஏ டெர்மினலில். அதில் அந்த நாலு விசையின் மேலேயே அம்புக்குறி அச்சடித்திருந்தது. எஸ்கேப் விசையும் இன்றைக்கு டேப் இருக்கும் இடத்தில், சுண்டுவிரலுக்குக் கிட்டே இருந்தது. இப்போது எஸ்கேப் மூலைக்குப் போய்விட்டது, நீங்கள் இன்னும் எட்டி எட்டி அடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நள்ளிரவு_ரூட்:
நாங்கள் கேப்ஸ் லாக்கை எஸ்கேப் ஆக்கிவிட்டோம். உங்கள் காலத்தில் ஏ-வுக்குப் பக்கத்தில் இருந்த கன்ட்ரோலும்தான் கீழே போய்விட்டது. ஈ, எஸ், டி, எக்ஸ் அடிக்க இப்போது சுண்டுவிரலை மடக்க வேண்டாமா? அது மட்டும் வைரமா?

டக்ஸ்_தாசன்:
நானோ எடிட்டர் போதும். கீழே இரண்டு வரியில் முக்கியக் கட்டளையெல்லாம் எழுதியிருக்கும்.

பழைய_இரும்பு:
நானோ ஆளா நீங்கள்? இப்போது எல்லாம் புரிகிறது.

டக்ஸ்_தாசன்:
என்ன புரிகிறது? ஒழுங்காகச் சொல்லுங்கள்.

பழைய_இரும்பு:
ஒன்றுமில்லை. கட்டளை வரியைப் பற்றி ஊருக்குப் பாடம் எடுப்பவர் நானோவில் எழுதுகிறார், 386 எது பென்டியம் எது என்று பிரிக்கத் தெரியவில்லை, இரண்டும் பொருந்துகிறது என்றேன். கேள்வி அப்படியே நிற்கிறது. 386-ல் ஓடுமா?

அமைதிவிரும்பி:
எடிட்டர் அவரவர் விருப்பம். இது பொழுதுபோக்குதானே, சந்தோஷமாக…

சாலிடர்_செல்வி:
நீங்கள் வந்து "சந்தோஷமாக" என்று சொல்லும்போதெல்லாம் இன்னும் பத்துப் பதிவு கூடுகிறது, கவனித்தீர்களா?

எனக்கு ஒரு விஷயம் சொல்லுங்கள் அண்ணே. அந்த 386-ல் நீங்கள் என்னதான் செய்கிறீர்கள்? 2.0 கர்னலை இரவு கம்பைல் போட்டுவிட்டுப் படுத்து, காலையில் எழுந்து பார்க்கிறீர்கள். அப்புறம்? படம் எடுத்துப் போடுகிறீர்கள். டக்ஸ்_தாசன் தங்லீஷிலாவது தினமும் பயன்படுத்துகிறார்.

பழைய_இரும்பு:
தபால் தலை சேர்ப்பவரிடம் போய்க் கடிதம் எழுதினீர்களா என்று கேட்பீர்களா? நான் என்ன செய்கிறேன் என்பது இழையின் தலைப்பு அல்ல. தலைப்பைப் படியுங்கள். அவர் "தவறாக எழுதிவிட்டேன்" என்று ஒரு வரி போட்டால் நான் போய்ப் படுத்துவிடுவேன்.

டக்ஸ்_தாசன்:
போடமாட்டேன். "எதிலும் ஓடும்" என்பது பேச்சு வழக்கு. "ஊரே சிரித்தது" என்றால் ஒவ்வொரு வீடாகப் போய் யார் சிரித்தது என்று எண்ணுவீர்கள் போல.

அந்தக் காலத்து ஆட்கள் எல்லோருக்கும் இதே வியாதிதான். அரசு கொடுத்த லேப்டாப்பில் விண்டோஸ் பக்கத்தில் இந்திய அரசின் பாஸ் லினக்ஸ் இருந்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்தவன் நான். எனக்கு யாரும் உபுண்டு லினக்ஸ் சிடி தபாலில் அனுப்பவில்லை. அனுப்பிய காலத்தில் வாங்கி அடுக்கி வைத்தவர்கள் இப்போது வந்து புதியவர்களை விரட்டுகிறார்கள்.

பழைய_இரும்பு:
உபுண்டு இலவச சிடியை நிறுத்தியது 2011. நான் அதற்கு ரொம்ப முன்பே, பிசிக்வெஸ்ட் பத்திரிகையோடு வந்த சிடியில் தொடங்கியவன். தெரியாமல் பேசாதீர்கள். புதியவர்களை யாரும் விரட்டவில்லை, தப்பான எண்ணைத்தான் விரட்டுகிறேன்.

நள்ளிரவு_ரூட்:
ஓடும்னு சொன்னவரும் 386 வைத்திருக்கவில்லை, ஓடாதுன்னு சொல்கிறவரும் அதில் புதுக் கர்னல் போட்டுப் பார்க்கவில்லை 😂

பழைய_இரும்பு:
கம்பைலே ஆகாததை எப்படியப்பா போட்டுப் பார்ப்பது? மெனுவில் அந்தத் தேர்வே கிடையாது. 3.8 கர்னலில் மேக் மெனுகான்ஃபிக் என்ற அமைப்பு மெனுவைத் திறந்து பிராசசர் பட்டியலைப் பார். 486-ல் ஆரம்பிக்கும். அங்கே 386 இருந்தால் இந்தக் கணக்கையே அழித்துவிட்டுப் போகிறேன்.

வேர்டுஸ்டார்_மாமா:
அது கிடக்கட்டும். செல்வி, கீபோர்டு எழவில்லை என்றாயே அம்மா, எந்தக் கீபோர்டு போட்டுப் பார்த்தாய்? என்னிடம் டிவிஎஸ் கோல்டு ஒன்று இருக்கிறது. அடித்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

சாலிடர்_செல்வி:
நானும் டிவிஎஸ் கோல்டுதான் மாமா, பிஎஸ்2 மாடல். போர்டிலுள்ள பழைய வட்ட டின் சாக்கெட்டுக்கு மாற்றும் முனை வைத்துப் போட்டேன். கீபோர்டு நன்றாக இருக்கிறது, வேறு கணினியில் வேலை செய்கிறது. போர்டில்தான் கோளாறு. யார் கொடுத்த போர்டு என்று திரும்பச் சொல்ல வேண்டுமா?

நள்ளிரவு_ரூட்:
யூஎஸ்பி டிவிஎஸ் கோல்டு இருக்கு, அதற்கும் அந்த முனை வேலை செய்யுமா?

வேர்டுஸ்டார்_மாமா:
செய்யாது.

பழைய_இரும்பு:
சில கீபோர்டில் செய்யும். இரண்டு முறையும் பேசத் தெரிந்த சிப் உள்ளே இருந்தால்.

வேர்டுஸ்டார்_மாமா:
டிவிஎஸ் கோல்டில் செய்யாது என்றேன். நான் போட்டுப் பார்த்தேன்.

பழைய_இரும்பு:
எந்த வருட மாடல்? அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படம் எடுத்துப் போடுங்கள்.