மாரி முடிஞ்சும் மா பூக்கல்ல, வெக்கைதான் காரணமா?

ஆரையம்பதி வளவு:
வளவில நிக்கிற கறுத்தக்கொழும்பான் மா வழமையா தை, மாசியில பூத்துக் கொட்டும், இந்தமுற பங்குனியாகியும் ஒரு பூங்கொத்தக் காணல்ல, மரம் முழுக்க செம்பு நிறத்தில கொழுந்துதான். மழை மாசி நடு மட்டும் இழுத்துது, இரவில ஃபேன் இல்லாம படுக்க ஏலாத வெக்க வேற. குளிர் காணாமலா இப்பிடி? பசளை கூடப் போடவா?

படுவான்கரையான்:
பசளையத் தொடாதீங்க, அதிலயும் யூரியா வேணவே வேணாம். இரவுக் குளிர் 15 பாகைக்குக் கிட்ட இறங்கினா மா நல்லாப் பூக்கும் எண்டது சரிதான், ஆனா மட்டக்களப்பில தையிலயே இரவு 23 பாகையளவில நிக்கும், அப்ப இவ்வளவு காலமும் குளிரப் பாத்தா பூத்துது? இஞ்ச மழை விட்டபிறகு மண் காயிறதும் இலைட வயசும்தான் கணக்கு. கடைசியா விட்ட கொழுந்து முத்தி நாலஞ்சு மாசம் மரம் சும்மா நிக்கோணும். வெக்கையோட தண்ணியும் கிடைச்சா அது பூவ மறந்து கொழுந்துதான் விடும், உங்கட மரம் செஞ்சதும் அதான்.

கல்முனைப் பொடியன்:
எங்கட உம்மம்மா மாவுக்குக் கீழ சருகப் போட்டு புகை புடிப்பா, சும்மா மூடநம்பிக்கை எண்டு நினைச்சிருந்தன், பாத்தா பிலிப்பைன்ஸிலயும் அதத்தான் செஞ்சிருக்காங்க, புகையில இருக்கிற எதிலீன் எண்ட வாயுதான் வேலை செய்யுதாம். பிறகு 1970கள்ல ரமோன் பார்பா எண்ட அந்த நாட்டு விஞ்ஞானி பொட்டாசியம் நைத்திரேற்று கரைச்சுத் தெளிச்சுப் பூக்க வச்சிருக்கார்.

ஆரையம்பதி வளவு:
அப்ப இப்ப தெளிக்கலாமா தம்பி?

படுவான்கரையான்:
நான் சொல்றன் அண்ணே, இப்ப தெளிச்சா காசுக்குத்தான் கேடு. இலை கடும் பச்சையாகி, கையில கசக்கினா முறுமுறுண்டு நொறுங்கோணும், அதுக்குப் பிறகுதான் அந்த மருந்து கேக்கும். எவ்வளவு கலக்கிறண்டு உங்கட பகுதி விவசாயப் போதனாசிரியர்ட்டக் கேளுங்க, கூடினா இலை கருகும். இப்பைக்கு மரத்தடிக்குத் தண்ணி ஊத்திறத நிப்பாட்டுங்க, அது போதும்.

திருக்கோவில் அக்கா:
இடையில கேக்கன், கனடாவில இருக்கிற மச்சான் ஆப்பிள் கண்டு கொண்டாறனெண்டு நிக்கார், வைக்கலாமா?

படுவான்கரையான்:
வேணாங்கா. ஆப்பிளுக்கு 7 பாகைக்குக் கீழ பலநூறு மணித்தியாலம் குளிர் வேணும், இல்லாட்டி மொட்டு முழிக்காது. குளிர் குறைவாக் கேக்கிற சாதியும் இருக்கு, அதுகளுக்கும் நம்மட கடற்கரை சரிவராது. மச்சான்ட காசுக்கு நல்ல விலாட் மா ஒட்டுக்கண்டு ஒண்டு வாங்குங்க.