சின்ன ஊரில் ஒரு வாரம்: மனசு நிஜமாகவே புதுசாகத் திரும்ப என்ன செய்யணும்?

அரைத்தூக்கம் கேட்டது:

வணக்கம். ஒரு வாரம் விடுப்பு கிடைத்திருக்கிறது. சுற்றுலாத் தலம் எதுவும் வேண்டாம். கடைத்தெருவின் ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரிகிற மாதிரி ஒரு சின்ன ஊரில் அறை எடுத்துத் தங்கலாம் என்று இருக்கிறேன். அந்த ஊரில் பார்க்க வேண்டிய இடங்கள் என்று தேடினால் ஒரு குளமும் ஒரு மணிக்கூண்டும்தான் வருகின்றன. அதிலும் மணிக்கூண்டு ஓடுவதில்லையாம்.

உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுதான் தேய்ந்துபோய்க் கிடக்கிறது. "இயற்கையோடு ஒன்றிவிடுங்கள்" வகை அறிவுரை தயவுசெய்து வேண்டாம். எத்தனை மணிக்கு எழுவது, போனை என்ன செய்வது, மூன்றாம் நாள் போரடித்தால் எங்கே போவது, தெருவில் போகிற எல்லோரும் "நீங்க யாரு?" என்று கேட்டால் என்ன சொல்வது என்ற அளவில் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

---

வழிப்போக்கன்:

முதல் இரவிலிருந்தே ஆரம்பிக்கலாம். அன்று தூக்கம் சரியாக வராது. புது இடத்தில் முதல் இரவு மூளையின் ஒரு பாதி அரைக் காவலில் இருக்கிறது என்பதை 2016-இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்தே காட்டினார்கள். ஆகவே மறுநாள் காலை கண் எரிச்சலோடு எழுந்து "வந்ததே தப்பு" என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். வீட்டுத் தலையணை உறையை எடுத்துப் போய் அங்கே மாட்டிக்கொள்ளுங்கள். பழகிய வாசனை கொஞ்சம் கைகொடுக்கும்.

எந்த நேரமானாலும் சரி, ஏழு நாளும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் 20 முதல் 30 நிமிடம் வெளியே இருக்க வேண்டும், ஜன்னலோரம் கணக்கில் சேராது. அறைக்குள் விளக்கு வெளிச்சம் 100 முதல் 500 லக்ஸ்தான் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). மேகம் மூடிய பகலிலும் வெளியே ஆயிரக்கணக்கில் இருக்கும். நம் உடம்புக் கடிகாரம் பெரும்பாலோருக்கு 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமாக ஓடுகிறது. தினமும் காலை வெளிச்சம்தான் அதைத் திருகிச் சரிசெய்கிறது. விடுமுறைதானே என்று பதினொரு மணி வரை படுத்தால் அன்றிரவு தூக்கம் தள்ளிப்போகும், மறுநாள் இன்னும் தள்ளிப்போகும், வாரம் முடியும்போது விமானமே ஏறாமல் பயணக் களைப்பு வந்திருக்கும்.

அடுத்தது நடை. ஊர் பெரிதாகப் பெரிதாக மக்கள் நடக்கும் வேகமும் கூடுகிறது என்று போர்ன்ஸ்டீன் என்ற ஆய்வாளர் தம்பதியர் 1976-இல் பல நாட்டு ஊர்களில் அளந்து எழுதினார்கள். அதனால் முதல் இரண்டு நாள் நீங்கள் தெருவில் எல்லோரையும் முந்திக்கொண்டு போவீர்கள், அவசரம் எதுவும் இல்லாமலே. சராசரி நடையில் 1 கிலோமீட்டர் 12 நிமிடம். அதை 18 முதல் 20 நிமிடமாக்குங்கள். முதல் நாள் கால் கெஞ்சும், "சீக்கிரம் போ" என்று கெஞ்சும். விடாதீர்கள்.

தினமும் ஒரே வழி. இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்: ஒரு நாளைக்கு ஒரு புதுத் தெரு என்று கிளம்பினால் மனசு முழுக்க வழி தேடுவதிலேயே போய்விடும். மூன்றாவது முறை அதே வழியில் போகும்போதுதான் கால் தானாக நடக்கும், கண் சும்மா இருக்கும். அப்போதுதான் மாடிச் சுவர் வெடிப்பில் முளைத்த செடி தெரியும், ஒரே நாய் மூன்று வீட்டு வாசலில் மூன்று பெயருக்கு வாலாட்டுவது தெரியும். அலுத்தால் வழியை மாற்றாமல் திசையை மட்டும் திருப்பிக்கொள்ளுங்கள்.

இது ஏன் வேலை செய்கிறது என்றால், ஸ்டீஃபன் கப்லான், ரேச்சல் கப்லான் என்ற உளவியலாளர்கள் சொன்ன விளக்கம் இருக்கிறது. வேலையில் நாம் செலவழிப்பது வலிந்து பிடித்துவைக்கும் கவனம், அது தீர்ந்துபோகக்கூடியது. இலை அசைவு, நீர்ப்பரப்பு, மேகம் மாதிரியானவை கவனத்தைப் பிடுங்காமல் மெல்ல இழுத்துக்கொள்கின்றன, அந்த நேரத்தில் வலிந்து பிடிக்கும் கவனம் மறுபடி ஊறி நிரம்புகிறது. டிவியும் போனும் கவனத்தைப் பிடுங்குகிற ரகம். ஓய்வு மாதிரி தோன்றும், நிரப்பாது.

அடி எண்ணும் செயலியை நிறுத்திவிடுங்கள். 10,000 அடி என்பது மருத்துவர் எழுதிக்கொடுத்த கணக்கு இல்லை. 1965 வாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு கருவியின் பெயர் அது.

---

பெஞ்ச்பிரியை:

வழிப்போக்கன் சார் நடக்கச் சொல்லிட்டார், நான் உட்காரச் சொல்றேன். 😄

சின்ன ஊர்ல பெஞ்ச் தேர்ந்தெடுக்கிறது ஒரு கலைங்க. முதுகுப் பக்கம் சுவரோ மரமோ இருக்கணும், முகத்துக்கு நேரா நாலு பேர் போற வர்ற திறந்த இடம் இருக்கணும். தன்னை மறைச்சுக்கிட்டு ஊரைப் பார்க்க முடியற இடத்துலதான் மனுஷனுக்கு நிம்மதின்னு ஜே ஆப்பிள்டன்ங்கற புவியியலாளர் 1975-லயே எழுதிட்டார். பாதை நடுவுல, ரெண்டு பக்கமும் ஆள் போற பெஞ்ச்ல பத்து நிமிஷம் கூட நிலையா உட்கார முடியாது. நிழலையும் பாருங்க: காலைல நிழலா இருக்கற பெஞ்ச் சாயங்காலம் பொரிச்சு எடுக்கும். காலைக்கு ஒண்ணு, மாலைக்கு ஒண்ணுன்னு ரெண்டு பார்த்து வெச்சுக்கணும்.

முக்கியமான எச்சரிக்கை: நல்ல பெஞ்சுக்கெல்லாம் ஏற்கெனவே சொந்தக்காரங்க இருப்பாங்க. பலகை எல்லாம் மாட்டியிருக்காது. முதல் நாள் தள்ளி நின்னு பாருங்க. நாலரை மணிக்கு மூணு பெரியவங்க வந்து இடம் மாறாம உட்கார்ந்தா அது அவங்க பெஞ்ச். நீங்க அதுக்கு அடுத்தது.

இப்ப "நீங்க யாரு?" கேள்வி. இது விசாரணை இல்ல, வானிலை விசாரிக்கிற மாதிரிதான். ரெண்டே வாக்கியத்துல பதில் தயாரா வெச்சுக்கங்க: எங்க தங்கியிருக்கீங்க, எப்ப கிளம்பறீங்க. யாருக்குச் சொன்னாலும் அதே பதிலைச் சொல்லணும். மூணு பேருக்கு மூணு விதமா சொன்னீங்கன்னா சாயங்காலம் அந்த மூணு பதிலும் மேல சொன்ன பெஞ்ச்ல சந்திச்சுக்கும். அப்புறம் நாலாவதா ஒரு கதையை ஊரே எழுதிக் கொடுத்துடும். "சும்மாதான் வந்தேன்"னு மட்டும் சொல்லாதீங்க, அதை யாரும் நம்பறதில்ல. "ஓய்வெடுக்க வந்தேன்"னு சொல்லிட்டு உடனே அவங்ககிட்ட ஒரு கேள்வி கேளுங்க. மணிக்கூண்டு எப்ப நின்னதுன்னு கேட்டீங்கன்னா அரை மணி நேரத்துக்குக் கவலையில்லை.

தினமும் ஒரே கடை, ஒரே நேரம். முதல் நாள் பேச்சு இருக்காது, ரெண்டாம் நாள் தலையசைப்பு, நாலாம் நாள் நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே கை பொருளை எடுக்கும். இந்த மாதிரி அரைகுறை அறிமுகங்களுக்கு மனசைத் தூக்கி நிறுத்தற சக்தி உண்டுன்னு 2014-ல சாண்ட்ஸ்ட்ராம், டன்னுன்னு ரெண்டு பேர் ஆய்வு செஞ்சு காட்டினாங்க. நெருங்கின சொந்தத்துக்கிட்ட நல்லா இருக்கோம்னு நடிக்கணும், கடைக்காரர்கிட்ட அந்த வேலை இல்லை. அதுதான் காரணம்னு நான் நினைக்கிறேன்.

---

இருள்நோக்கி:

ராத்திரியை யாரும் தொடவில்லையே. சின்ன ஊரில் இலவசமாகக் கிடைக்கிற பெரிய சொத்து இருட்டுதான்.

தேதி உங்கள் கையில் இருந்தால் பௌர்ணமி முடிந்து ஐந்து நாள் கழித்துப் போங்கள். நிலா தினமும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிக்கும். ஐந்தாம் நாள் வாக்கில் இரவு பத்து மணியை ஒட்டித்தான் வரும், அதுவரை வானம் உங்களுக்கு. அங்கிருந்து அமாவாசை கழிந்து மூன்று, நான்கு நாள் வரை முன்னிரவு இருட்டாகவே இருக்கும்.

தெருவிளக்கு நேரே கண்ணில் படாத இடமாகப் பாருங்கள். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவருக்குக் கீழே படுத்தாலே போதும். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். விழித்திரையில் ரொடாப்சின் என்ற நிறமி மறுபடி சேர அவ்வளவு நேரம் வேண்டும். நடுவில் "மணி என்ன?" என்று ஒரு தடவை போனைப் பார்த்தால் சேர்ந்ததில் பெரும்பகுதி போச்சு, திரும்பக் காத்திருக்க வேண்டியதுதான். வெளிச்சம் தேவையென்றால் டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மூன்று மடிப்பாகக் கட்டிக்கொள்ளுங்கள்.

மங்கலான நட்சத்திரத்தை நேராகப் பார்த்தால் மறைந்துவிடும், கொஞ்சம் பக்கவாட்டில் பார்த்தால் திரும்பி வந்து நிற்கும். கண் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். மங்கல் ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நடுப்புள்ளியில் கிடையாது. சிமிட்டாமல், சத்தம் இல்லாமல், ஒரே வேகத்தில் நகர்கிற புள்ளி செயற்கைக்கோள். சில நிமிடத்தில் வானத்தைக் கடந்துவிடும் அல்லது பூமியின் நிழலில் புகுந்து பாதியிலேயே அணைந்துபோகும்.

எதையும் அடையாளம் காண வேண்டிய கட்டாயம் இல்லை. செயலியைத் தூக்கிப் பிடித்து ஒவ்வொன்றுக்கும் பெயர் தேட ஆரம்பித்தால் அதுவும் ஒரு அலுவலக வேலை ஆகிவிடும்.

---

அரைத்தூக்கம்:

அருமை, குறித்துக்கொண்டேன். பெஞ்ச் உரிமை விவகாரம் உண்மையிலேயே கவலை தருகிறது. 😅 இரண்டு சந்தேகம்: நாள் முழுக்க மழை பிடித்துக்கொண்டால்? போட்டோ எடுக்கலாமா, கூடாதா?

---

கோட்டுப்படம்:

மழை நாளுக்கு ஒரு வேலை: ஊரின் வரைபடத்தை நினைவிலிருந்தே வரையுங்கள். ஒரு வெள்ளைத்தாள், பென்சில், ரப்பர். நகரங்களை மக்கள் எப்படி மனசில் வைத்திருக்கிறார்கள் என்று ஆராய்ந்த கெவின் லிஞ்ச் 1960-இல் ஐந்து உறுப்புகளைப் பிரித்துச் சொன்னார்: பாதைகள், எல்லைகள், பகுதிகள், சந்திப்புகள், அடையாளங்கள். அந்த வரிசையிலேயே போடுங்கள். முதலில் நடந்த வழியை ஒரே கோடாக, பிறகு ஊர் எங்கே முடிகிறது (குளமா, ரயில் பாதையா, வயலா), அதன்பின் மற்றவை. தெரியாத இடத்தை வெள்ளையாகவே விடுங்கள், ஊகித்து நிரப்பினால் ஆட்டமே கெட்டுவிடும். மழை விட்டதும் போகவேண்டிய இடம் அந்த வெள்ளைப் பகுதிதான். மூன்றாம் நாள் சலிப்புக்கும் இதுவே மருந்து. கிளம்புவதற்கு முன் பழையதைப் பார்க்காமல் இன்னொன்று வரைந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் முதல் படத்தில் ஒரு தெரு நேராக இருக்கும், நிஜத்தில் அது நன்றாகவே வளைந்திருக்கும்.

போட்டோ எடுக்கலாம், ஆனால் நெருங்கி எடுங்கள். அருங்காட்சியகத்தில் பொருள்களைப் படம் எடுத்தவர்களுக்கு அவை குறைவாகவே நினைவில் நின்றன என்று லிண்டா ஹெங்கல் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் தெரிந்தது. ஒரு பகுதியை மட்டும் பெரிதாக்கி எடுத்தவர்களுக்கு அந்த நஷ்டம் இல்லை. முழுக் குளத்தை விடுங்கள், படித்துறையின் தேய்ந்த ஒரு கல்லை எடுங்கள்.

---

மணிக்கூண்டுக்காவலர்:

எல்லாம் சரி, போனைப் பற்றி யாரும் முழுசாகச் சொல்லவில்லை. "ஒரு வாரம் தொடவே மாட்டேன்" சபதம் அநேகமாக இரண்டாம் நாளே உடையும், உடைந்த பிறகு முழுசாக மூழ்கடிக்கும். அதைவிட மாலையில் ஒரே ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி, அந்த நேரத்தில்தான் பதில் வரும் என்று வேண்டியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போன் செய்கிற சில்லறை வேலைகளுக்குப் பதில் ஆள் வேண்டும்: அலாரத்துக்கு ஒரு சாதாக் கடிகாரம், வழிக்குக் காகிதம், குறிப்புக்குச் சின்ன நோட்டு. நேரம் பார்க்கப் போனை எடுத்துத்தான் முக்கால்வாசி பேர் உள்ளே விழுகிறார்கள், அதனால் கைக்கடிகாரம் கட்டாயம். ஊர்க் கடிகாரத்தை நம்பிப் பயனில்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

சின்ன ஊரைச் சொர்க்கமாகவும் நினைக்க வேண்டாம். ஒலிபெருக்கி இருக்கும், விடியற்காலை மோட்டார் ஓடும், மதியம் கடைகள் மூடிக் கிடக்கும். காதடைப்பான் ஒரு ஜோடி, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள் முழு வாரத்துக்கும் சேர்த்து எடுத்துப் போங்கள். இத்தாலியில் 1999-இல் தொடங்கிய சித்தாஸ்லோ என்ற 'நிதான ஊர்கள்' இயக்கம் 50,000 பேருக்குக் குறைவான ஊர்களைத்தான் முழு உறுப்பினராகச் சேர்க்கிறது, சின்னம் ஒரு நத்தை. அதிலும் சேர ஊர்கள் நீளமான தகுதிப் பட்டியலை நிறைவேற்ற வேண்டும். நிதானம் தானாக வந்துவிடாது என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது!

திரும்பும் நாள்தான் பலர் சொதப்புகிற இடம். நீண்ட விடுமுறை போனவர்களை டி ப்ளூம் என்ற ஆய்வாளரின் குழு தொடர்ந்து கவனித்தது. 2013-இல் வந்த அந்த ஆய்வின்படி நலஉணர்வு 8-ஆம் நாள் வாக்கில் உச்சத்துக்குப் போய், வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே பழைய நிலைக்கு இறங்கிவிட்டது. ஆகவே வாரம் முழுவதையும் ஊரிலேயே செலவழிக்காமல், வேலைக்கு முந்தைய ஒரு நாளை வீட்டில் வெறுமனே வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் பழகியதில் ஒன்றே ஒன்றை மட்டும் தொடருங்கள். காலை வெளிச்சமோ, ஒரே கடையோ, எதுவானாலும் ஒன்றுதான். ஐந்தையும் தொடரப் பார்த்தால் ஐந்தும் போகும்.

அப்புறம், கடைசி பஸ் நேரத்தை இணையத்தில் பார்த்துவிட்டு நம்பாதீர்கள். நிலையத்தில் எழுதியிருப்பதைப் பாருங்கள். எழுத்து அழிந்திருந்தால் எதிர்க் கடையில் கேளுங்கள். இரண்டும் முரண்பட்டால் ஓட்டுநர் சொல்வதுதான் நேரம்.