பதினொன்றாம் மாடியில் ஐந்து வாட்: வீம்பா, விவரமா?

பிடோக் சிற்றலை
மூன்று மாதமாக என் ஹாம் வானொலியில், அதாவது பொழுதுபோக்கு வானொலித் தொடர்பில், ஐந்து வாட் அனுப்பும் திறனுக்கு மேல் நான் போகவில்லை. சிங்கப்பூர் பிடோக்கில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, பதினொன்றாம் மாடி. கூடத்துச் சன்னலோரம் ஒரு மீட்டர் விட்டமுள்ள செப்பு வளைய ஆண்டெனா. காலை ஆறு மணிக்குக் கோப்பி ஆறும்வரை 14 மெகாஹெர்ட்ஸில் மோர்ஸ் தட்டுகிறேன். ஜப்பானிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் பதில் வருகிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 200 மில்லிவாட்டில் விஸ்பர், அதாவது சிறு திறனில் அலை எதுவரை போகிறது என்று பார்க்கும் கணினி முறை. இரண்டு நிமிடத்துக்கு ஒரு செய்தி. அதில் என் அழைப்புக்குறி, ஓஜே11 என்ற நம் வரைபடக் கட்டம், திறன், அவ்வளவுதான். நேற்று பெர்த்தில் கேட்டிருக்கிறது, சுமார் 3,900 கிலோமீட்டர்.

போன வாரம் நண்பர் ஒருவர், “ஏன் இந்த வீம்பு? நூறு வாட் பெட்டி வாங்கக் கசக்கிறதா?” என்று கேட்டார். கேள்வியைத் திருப்பிப் போடுகிறேன். நம்மைப் போன்ற அடுக்குமாடிவாசிக்கு நூறு வாட்டால் உண்மையில் என்ன லாபம்?

நூறுவாட் ஜூரோங்
லாபம் 13 டெசிபல். ஐந்துக்கும் நூறுக்கும் உள்ள இருபது மடங்கு வித்தியாசம் அது. வரும் அலையின் வலிமையைக் காட்டும் எஸ் மீட்டரில் இரண்டு படிக்குச் சற்று மேல். பலவீனமான நிலையம் காதில் விழுவதும் விழாமல் போவதும் அந்த இரண்டு படியில்தான் இருக்கிறது.

உங்களுக்குப் பதில் தருகிற ஜப்பானியர் கோபுரத்தில் பெரிய ஆண்டெனா வைத்திருப்பார். நீங்கள் மிச்சம் பிடித்த வாட்டை அவர் தன் காதால் ஈடுகட்டுகிறார். கல்யாண வீட்டில் முணுமுணுத்துப் பேசி எல்லாரையும் பக்கத்தில் வரவழைப்பவரைப் பணிவானவர் என்று யாரும் சொல்வதில்லை, அண்ணன்.

விஸ்பரைச் சாதனைக் கணக்கில் சேர்க்காதீர்கள். 2,500 ஹெர்ட்ஸ் அகல இரைச்சலுக்கு 28 டெசிபல் கீழே கிடப்பதையும் அந்த மென்பொருள் தோண்டி எடுத்துவிடும். சாமர்த்தியம் அதை எழுதிய ஜோ டெய்லருடையது. 1993இல் இயற்பியல் நோபல் வாங்கியவர் அவர். வாங்கியது இதற்காக அல்ல என்பது வேறு விஷயம்.

பிடோக் சிற்றலை
விஸ்பர் உரையாடல் அல்ல, ஒப்புக்கொள்கிறேன். எனக்கு அது ஓர் அளவுகோல். வளையத்தைக் கால்வட்டம் திருப்பினால் பெர்த் சில டெசிபல் இறங்குகிறது, ஜப்பான் ஏறுகிறது. நூறு வாட்டில் இருவருமே “நன்றாகக் கேட்கிறது” என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். என் ஆண்டெனா எந்தப் பக்கம் பார்க்கிறது என்றே எனக்குத் தெரிந்திருக்காது.

உங்கள் 13 டெசிபலுக்கு வருகிறேன். என் வீட்டில் இரைச்சல் எஸ் 7. மின்தூக்கி, மேல்வீட்டு ஏர்கான், அக்கம்பக்கத்து எல்இடி விளக்குகள் எல்லாம் சேர்ந்து எழுப்புவது. ஆஸ்திரேலியாவில் ஊருக்கு வெளியே இருப்பவருக்கு எஸ் 2 என்று வையுங்கள். படிக்கு 6 டெசிபல் வீதம் இடைவெளி 30. நடுவில் உள்ள வானம் இருவருக்கும் ஒன்றுதான். போகும்போது இழப்பது எவ்வளவோ வரும்போதும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆக, அவருடைய நூறு வாட் என் காதில் விழுவதைவிட என் ஐந்து வாட் அவர் காதில் 17 டெசிபல் தெளிவாக விழுகிறது. என் குறை வாயில் இல்லை, காதில். நானும் நூறு வாட் போட்டால் அவருக்குக் கேட்கும், அவர் அனுப்புவது எனக்குக் கேட்காது. வாய் பெரிது, காது சிறிது என்பதால் இப்படிப்பட்ட நிலையத்தை ஹாம்கள் முதலை என்பார்கள்.

புது உரிமக்காரி
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். வளையம் கூடத்தில் இருக்கிறது என்கிறீர்களே, வீட்டில் பிள்ளைகள் இல்லையா? எனக்கு இரண்டு வாண்டுகள்.

பிடோக் சிற்றலை
நல்ல கேள்வி, தங்கை. ஒரு மீட்டர் வளையத்தின் மின்தேக்கியில் ஐந்து வாட்டிலேயே ஆயிரம் வோல்ட்டுக்குப் பக்கத்தில் எழும். நூறு வாட்டில் நான்கைந்து ஆயிரம். ஐந்து வாட்டிலும் அனுப்பும்போது யாரையும் அந்த மூலைக்கு விடுவதில்லை. நூறு வாட்டை அந்தக் கூடத்தில் நினைத்தே பார்க்கமாட்டேன்.

நூறுவாட் ஜூரோங்
இதில் வாதமே இல்லை. என் கம்பி சன்னலுக்கு வெளியே, ஆள் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது.

கணக்கு அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் எதிர்முனைக்காரரை நீங்களே வசதியாகப் பொட்டல்வெளியில் குடிவைத்துவிட்டீர்கள். அவரும் ஓசாகாவில் நம்மைப் போல அடுக்குமாடியில் எஸ் 7 இரைச்சலோடு இருந்தால்? அப்போது 30 டெசிபல் காணாமல் போகிறது, என் 13 டெசிபல் அப்படியே நிற்கிறது. நகரத்துக்காரரும் நகரத்துக்காரரும் பேச வேண்டாமா? நம் ஊரில் பிற்பகல் ஆனால் இடி வேறு. ஒவ்வொரு மின்னலுக்கும் ‘சடசட’ என்று ஓர் எழுத்து பறிபோகிறது. ஐந்து வாட்காரர் மூன்று தடவை திருப்பி அனுப்புவதற்குள் எனக்கு ஏப்பம் வந்துவிடுகிறது.

கப்பல் தந்தி
இடி கேட்டால் ஆண்டெனாவைக் கழற்றி வையுங்கள் தம்பி, ஏப்பத்தைப் பிறகு பார்க்கலாம்.

நான் கப்பலில் வானொலி அதிகாரியாக இருந்தவன். அப்போது 500 கிலோஹெர்ட்ஸ்தான் ஆபத்து அலைவரிசை. எங்கள் அறைக் கடிகாரத்தில் ஒவ்வொரு மணியிலும் 15 முதல் 18, 45 முதல் 48 நிமிடம் வரை சிவப்பு வண்ணம் பூசியிருக்கும். அந்த மூன்று மூன்று நிமிடமும் அதில் எவரும் மோர்ஸ் சாவியைத் தொடக்கூடாது, கேட்க மட்டும் வேண்டும். உயிர்காப்புப் படகிலிருந்து வரும் அனுப்பியின் திறன் உங்கள் ஐந்து வாட்டோடு சேர்த்துப் பேசத்தக்கதுதான். அதன் திறனைக் கூட்ட வழியில்லை, அதனால் மற்றவர்கள் வாயை மூடினார்கள். 1999 பிப்ரவரி 1 முதல் புதிய ஆபத்துத் தொடர்பு முறை முழுமையாக நடைமுறைக்கு வந்தது. கடிகாரம் இப்போது என் படுக்கையறையில் இருக்கிறது.

ஜூரோங் தம்பி, உங்கள் வீட்டில் என்றைக்காவது முதன்மைச் சுவிட்சை இறக்கிவிட்டுப் பாட்டரியில் இரைச்சல் எவ்வளவு என்று கேட்டுப் பார்த்ததுண்டா?

நூறுவாட் ஜூரோங்
இல்லை, ஐயா. சனிக்கிழமை பார்க்கிறேன். வீட்டம்மாவிடம் குளிர்பதனப் பெட்டிக்கு அனுமதி வாங்குவதுதான் சிரமம்.

நூறுவாட் ஜூரோங்
பார்த்தாயிற்று. நண்பரிடம் 12 வோல்ட் பாட்டரி இரவல் வாங்கிக் காலை ஐந்தரைக்குச் சுவிட்சை இறக்கினேன். முள் எஸ் 7இலிருந்து எஸ் 3க்கு விழுந்தது. பிறகு ஒவ்வொன்றாக ஏற்றினேன். விளக்கு, ஒன்றுமில்லை. குளிர்பதனப் பெட்டி, ஒன்றுமில்லை. தொலைக்காட்சி, அரைப் படி. கடைசியாக, என் நூறு வாட் பெட்டிக்கு மின்சாரம் தரும் மலிவு மின்வழங்கியைச் செருகினேன். முள் எழுந்து எஸ் 7இல் போய் உட்கார்ந்துகொண்டது.

இதை வைத்து யாரும் ஐந்து வாட்டுக்கு வெற்றி அறிவிக்க வேண்டாம். இரும்பு மின்மாற்றி வைத்த பழைய பாணி மின்வழங்கி வாங்கப் போகிறேன். வாட்டைக் குறைக்கப் போவதில்லை.

பிடோக் சிற்றலை
வாங்குங்கள். அடுத்த சனிக்கிழமை காலை 14.060 மெகாஹெர்ட்ஸில் இருப்பேன், 200 மில்லிவாட்டில்.

நூறுவாட் ஜூரோங்
பிடோக்கிலிருந்து ஜூரோங்குக்கு அது போதும், அண்ணன்.