கண்டெய்னர் டேப்: கொள்கலனா, பாத்தியா?

குழுவினருக்கு வணக்கம்.

வரும் சனிக்கிழமை எங்கள் ஒன்றியத்து ஆசிரியர்களுக்குப் பயர்பாக்ஸ் உலாவி பற்றி அரைநாள் வகுப்பு எடுக்கிறேன். நான்கு பக்கக் கைக்குறிப்பு தமிழில் தர வேண்டும். வியாழன் மாலைக்குள் அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். உலாவி (பிரவுசர்), கீற்று (டேப்), நீட்சி (எக்ஸ்டென்ஷன்), துணைநிரல் (ஆட்-ஆன்) எல்லாம் நாம் பழகிய சொற்கள். இடிப்பது 'மல்டி-அக்கவுண்ட் கண்டெய்னர்ஸ்' நீட்சி ஒன்றுதான்.

வகுப்பு எடுப்பதே அதற்காகத்தான். எங்கள் பள்ளி அலுவலக அறையில் ஒரே கணினி. பள்ளி மின்னஞ்சலும் என் சொந்த மின்னஞ்சலும் ஒரே உலாவியில் திறந்து கிடக்கும். போன மாதம் மாணவர் பட்டியலைச் சொந்த முகவரியிலிருந்து அனுப்பிவிட்டேன். திருத்தம் கேட்டு வந்த மடல்களெல்லாம் என் வீட்டு அஞ்சலில் கிடந்தன. நான்கு நாள் யாரும் பார்க்கவில்லை.

இந்த நீட்சியில் சொந்தம், பணி, வங்கி, கடை என்று பிரித்துக்கொள்ளலாம். ஒன்றில் சேரும் குக்கி, அதாவது நம்மை அடையாளம் காணத் தளங்கள் உலாவியில் வைக்கும் சிறு குறிப்பு, அடுத்ததற்குப் போகாது. ஒரே தளத்தில் இரண்டு கணக்குகளில் ஒரே நேரத்தில் நுழையலாம். எது எதில் திறந்திருக்கிறது என்பதைக் கீற்றின் மேலுள்ள நிறக்கோடு காட்டும். அப்படிப் பிரித்த ஒன்றை என்னவென்று எழுதுவது? 'கண்டெய்னர் டேப்' என்றே போட்டுவிட மனம் வரவில்லை.

கரூர் ஆசிரியை

* * *

அன்புள்ள அம்மா,

கொள்கலம் என்று எழுதுங்கள். கொண்ட கலம், கொள்கின்ற கலம், கொள்ளும் கலம்: வினைத்தொகை. கொள்கலன் என்றாலும் பிழையில்லை; நிலம் நிலன் ஆவதும் முகம் முகன் ஆவதும் போலக் கடைப்போலி. ஆனால் கீற்றோடு சேர்த்தால் 'கொள்கலக் கீற்று' என ஒற்று மிகும். 'கொள்கலன் கீற்று' என்று விட்டுவிட்டால் இரண்டு சொல்லும் ஒட்டாமல் நிற்கும்.

கலம் பழைய சொல். மரக்கலம் கப்பல், படைக்கலம் ஆயுதம், உண்கலம் சாப்பிடும் தட்டு, அருங்கலம் நகை. நெல் அளவையிலும் உண்டு. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். இத்தனை பொருளைத் தாங்கிய சொல் இதையும் தாங்கும்.

தஞ்சை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

* * *

ஐயா, அக்கா, வணக்கம்.

கொள்கலனுக்கே என் வாக்கு. காரணம் இலக்கணம் இல்லை, புழக்கம். துறைமுகச் செய்திகளில் கொள்கலன் லாரி என்று எழுதுகிறார்கள், எல்லாருக்கும் புரிகிறது. சர்வர் பக்கம், மென்பொருள்களைத் தனித்தனியாகப் பொதிந்து இயக்கும் டாக்கரைத் தமிழில் விளக்கும்போதும் கொள்கலன் என்றுதான் எழுதுகிறேன். ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு இடத்துக்கு ஒரு தமிழ்ச் சொல் வைத்தால் கலைச்சொல் பட்டியல் நாறிவிடும்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. பயர்பாக்ஸ் நிரலுக்குள் இந்த வசதிக்குக் கண்டெய்னர் மட்டுமே பெயர் இல்லை. நீட்சி எழுதுபவர்கள் அழைக்கும் இடைமுகத்தின் பெயர் 'கண்டெக்சுவல் ஐடென்டிடீஸ்', அதாவது சூழலுக்கேற்ற அடையாளங்கள். ஒரே ஆள் வீட்டில் ஒருவர், அலுவலகத்தில் ஒருவர் என்பதே மூலக்கருத்து. பெட்டி பின்னால் வந்த உவமை.

அப்புறம், 'டேப்'புக்குத் தாவல் வேண்டாம். அது விசைப்பலகையிலுள்ள டேப் விசைக்குப் பொருந்தும், அங்கே குறி தாவுகிறது. உலாவியிலுள்ளது கோப்பு உறையின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் காது. அதற்குக் கீற்றுதான் சரி. கூகுள் தாவல் என்று போட்டதால் பாதிப் பேர் அப்படியே பழகிவிட்டார்கள். அதில் எனக்கு இன்னும் வருத்தம்.

சென்னை, மொழிபெயர்ப்புக் குழு

* * *

எல்லாருக்கும் வணக்கம்.

தம்பி, பெட்டி உவமை பின்னால் வந்தது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அப்படியென்றால் எங்களுக்கு ஏன் பெட்டி? எங்கட பக்கம் வெங்காயத் தோட்டத்தில் வரம்பு கட்டிப் பாத்தி பிரிப்போம். ஒரு பாத்தி நிரம்பினால் மண்ணை வெட்டி வாயை அடைத்து அடுத்ததைத் திறப்போம். தண்ணி மாறுறது என்று சொல்லுவோம். ஒன்றில் விட்ட தண்ணீர் மற்றதற்குப் போகாது. கிணறு ஒன்று, தோட்டம் ஒன்று, பாத்தி மட்டும் வேறு.

இந்த நீட்சியும் அப்படித்தானே? குக்கியும் தளங்கள் சேமிக்கிற தரவும் தனித்தனி. உலாவல் வரலாறு, புத்தகக்குறி, சேமித்த கடவுச்சொல் எல்லாம் பொது. பெட்டிக்குள் வைத்துப் பூட்டினால் ஒன்றும் பொதுவாக இராது. பணிப் பாத்தி, வங்கிப் பாத்தி என்று சொல்லிப் பாருங்கள், வடிவாக இருக்கிறது.

யாழ்ப்பாணம்

* * *

யாழ்ப்பாணத்து நண்பருக்கு,

இரவு முழுக்க இந்தச் சொல்லோடுதான் இருந்தேன். பகுதி பாதி ஆனதைப் போலப் பகுத்து பாத்து ஆனது. பகுத்து உண்பது பாத்தூண். குறளில் இரண்டு இடத்தில் வருகிறது. பகுக்கப்பட்ட நிலம் பாத்தி. அவையறிதல் அதிகாரத்தில், 718ஆம் குறளில், "பாத்தியுள் நீர்சொரிந் தற்று" என்று நீரோடு சேர்ந்தே வருகிறது. பிரிப்பு என்ற பொருள் சொல்லின் வேரிலேயே இருக்கிறது. கலத்தில் அது இல்லை. கொள்கலத்தைக் கைவிடுகிறேன்.

கீற்று வேரைப் பார்த்தால் கீறு என்பதிலிருந்து வருவது. தேங்காய்க் கீற்று, நிலாக் கீற்று, நெற்றியில் திருநீற்றுக் கீற்று எல்லாம் கீறியதுபோல் நீண்டு மெலிந்தவை. பாத்திக்கீற்று என்று ஒரே சொல்லாக எழுதலாம்.

தஞ்சை

* * *

ஐயா, பாத்திக்கீற்று என்றால் எங்கள் ஊரில் பாத்தியில் விழுந்து கிடக்கும் தென்னங்கீற்று என்றுதான் எடுப்பார்கள். கீற்றுக் கொட்டகை பார்க்காத ஊர் இங்கே இல்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று. கீற்றுகள் வரிசையாக நிற்கும் பட்டியில் எழுத்து காட்ட இடம் குறைவு, பாத்தி சின்னச் சொல், அது நல்லதுதான். ஆனால் அடுக்ககத்தில் வளரும் பிள்ளை பாத்தியைப் பார்த்ததே இல்லை. விளக்கம் தேவைப்படும் உவமை பயனருக்குச் சுமை. தமிழ் வேர் இருக்கிறது என்பதற்காக எல்லாரும் உழவர் வீட்டில் பிறந்தவர்கள் என்று வைத்துக்கொள்ள முடியாது.

சென்னை

* * *

அடுக்ககத்துப் பிள்ளை துறைமுகத்தையும் பார்த்திராதே தம்பி. கொள்கலன் லாரியைச் சாலையில் பார்த்திருக்கும், சரி. ஆனால் அந்த லாரியைப் பார்த்துக் குக்கி பிரிந்து நிற்பது எப்படி விளங்கும்? இங்கே கீற்று என்றால் கூரையும் நினைவுக்கு வராது, நாங்கள் அதைக் கிடுகு என்போம். உங்கள் சிக்கல் எங்களுக்கில்லை.

யாழ்ப்பாணம்

* * *

அனைவருக்கும் நன்றி.

இது வியாழன் மதியம் எழுதுவது. தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்தால் கொள்கலனுக்கு ஏழு பேர், பாத்திக்கு நான்கு, 'கண்டெய்னர் என்றே விடுங்கள்' என்று இரண்டு. அச்சுக்குக் கொள்கலன் என்றே கொடுத்துவிட்டேன். உலாவியைத் திறந்து தேடும்போது கையிலுள்ள தாளில் படிக்கும் சொல் எங்கோ கேட்ட சொல்லாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் காரணம்.

ஆனால் இரண்டாம் பக்கத்தில் 'இது எப்படி வேலை செய்கிறது' என்ற பத்தியில் யாழ்ப்பாணத்து அண்ணாவின் கிணறும் பாத்தியும் அப்படியே இருக்கின்றன. என் வகுப்புக்கு வருபவர்களில் பாதிப்பேர் வீட்டில் முருங்கையும் வெங்காயமும் போடுபவர்கள்.

கரூர்

* * *

அம்மா, ஒற்றைப் போட்டீர்களா? 'கொள்கலன் கீற்று' என்று அச்சாகியிருந்தால் அடுத்த பதிப்பிலாவது 'கொள்கலக் கீற்று' என்று திருத்துங்கள். பாத்தியை நான் விடவில்லை. கலைச்சொல் பட்டியலில் மாற்றுச் சொல்லாக என் பெயரில் சேர்க்கச் சொல்லிச் சென்னைத் தம்பிக்கு எழுதியிருக்கிறேன்.

தஞ்சை

* * *

சேர்த்துவிட்டேன் ஐயா. பயர்பாக்ஸ் 136இல், 2025 மார்ச்சில், கீற்றுகளைப் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக அடுக்கும் வசதி வந்தது. அதற்குச் 'செங்குத்துக் கீற்று' என்று வைத்திருக்கிறேன். மறுப்பு உண்டா?

சென்னை

* * *

உண்டு. இலங்கைப் பாடநூலில் நாங்கள் படித்தது நிலைக்குத்து.

யாழ்ப்பாணம்