மகள் உணவியல் படிக்கணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறா, வேலை கிடைக்குமா?

ஈசூன்_அம்மா:
வணக்கம். மகள் இந்த வருஷம் ஏ லெவல் பரீட்சை எழுதறா. இங்க சிங்கப்பூர்ல எஸ்ஐடியில (சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகம்) உணவியல், ஊட்டச்சத்துப் பட்டப்படிப்புதான் வேணுமாம். அவ அப்பாவோ, "சமைக்கக் கத்துக்க யூனிவர்சிட்டியா? பாட்டிகிட்ட அனுப்பு, காசே வேணாம்"ங்கறார். சொந்தக்காரங்க தாதிமை (நர்சிங்) படிக்கச் சொல்றாங்க. இதைப் படிச்சா ஆஸ்பத்திரியைத் தவிர வேற எங்க வேலை? இந்தத் துறையில யாராவது இருக்கீங்களா?

கிழக்குக்கரை_டயட்டிஷன்:
நான் இருக்கேன்க்கா. அண்ணன்கிட்ட சொல்லுங்க, இதுல கரண்டி பிடிக்கற நேரம் ரொம்பக் கொஞ்சம். உயிர்வேதியியல், உடலியங்கியல், ஒவ்வொரு நோய்க்கும் என்ன சாப்பாடு, மருந்தும் சாப்பாடும் எங்க மோதிக்கும் (ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடறவங்க திடீர்னு தினமும் கீரையா எடுத்துக்கிட்டா மருந்தோட வேகம் குறைஞ்சிடும்), அப்புறம் மருத்துவமனைப் பயிற்சி. எங்க காலத்துல இந்தப் பட்டம் உள்ளூர்ல இல்ல. ஆஸ்திரேலியாவுக்கோ இங்கிலாந்துக்கோ பறக்கணும். உங்க பொண்ணு எம்ஆர்டி ரயில் பிடிச்சு பொங்கோல்ல இருக்கற எஸ்ஐடிக்குப் போய் வந்துடலாம், அதிர்ஷ்டக்காரி.

என் வேலை எப்படின்னா, காலையில வார்டு. குழாய் வழியா உணவு போறவங்களுக்கு எவ்வளவு கலோரி, எவ்வளவு புரதம்னு எடையைப் பார்த்துக் கணக்குப் போடணும். விழுங்க முடியாதவங்களுக்கு எந்த அளவு மசிக்கறதுன்னு பேச்சுச் சிகிச்சையாளரோட பேசணும். மத்தியானம் கிளினிக்.

எனக்குப் பிடிச்சது கிளினிக்தான். டயாலிசிஸ் செய்யற தாத்தா ஒருத்தர், உடம்புல நீர் ஏறிட்டே இருக்கு. "தண்ணியே குடிக்கறதில்லம்மா"ங்கறார். ரசம்? "அது சாப்பாடாச்சே." மோர்? "அது வயித்துக்கு மருந்து." இளநீர்? "இயற்கைதானே!" எல்லாமே தண்ணிக் கணக்குலதான் வரும். அதுலயும் இளநீர்ல பொட்டாசியம் அதிகம், சிறுநீரகம் வேலை செய்யாதவங்களுக்கு இதயத் துடிப்பையே குலைச்சிடும். "தோசை எத்தனை தாத்தா?"ன்னா "ரெண்டு"ங்கறார். பின்னாடி நிக்கற பாட்டி சத்தமில்லாம நாலு விரலைக் காட்டறாங்க.

இந்த இடத்துலதான் தமிழ் கைகொடுக்குது. பழுப்பரிசி சாப்பிடுங்க, யோங் தாவ் ஃபூ (தோஃபு, காய் போட்ட சீன உணவு) சாப்பிடுங்கன்னு தாள் கொடுத்தா அந்தத் தாத்தா மடிச்சுப் பையில வச்சுட்டுப் போயிடுவார். காயை நறுக்கி, நிறைய தண்ணியில வேகவச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு சாம்பார்ல போடுங்க, பொட்டாசியம் குறையும்னு சொன்னா பாட்டி குறிச்சுக்கறாங்க. நம்மவங்க மத்தியில நீரிழிவு எவ்வளவுன்னு நான் சொல்லவே வேணாம்.

ஆஸ்பத்திரியைத் தவிர பலதுறை மருந்தகம், தாதிமை இல்லம், சுகாதார மேம்பாட்டு வாரியம், விளையாட்டு வீரர்கள், உணவுக் கம்பெனி எல்லாம் இருக்கு. சம்பளத்தை டாக்டரோட ஒப்பிடாதீங்க, மனசு கஷ்டப்படும்.

பாலி_பையன்:
நான் தெமாசெக் பாலிடெக்னிக்ல உணவு, ஊட்டச்சத்து டிப்ளோமா. பானம் தயாரிக்கற இடத்துல வேலை. 2022 டிசம்பர் 30 முதல் நியூட்ரி-கிரேட் வந்துச்சு இல்லையா, பானங்களுக்கு 'ஏ'யில இருந்து 'டி' வரை தரம் போடற திட்டம், 100 மில்லிலிட்டர்ல 10 கிராமுக்கு மேல சர்க்கரை இருந்தா 'டி', விளம்பரமே போடக்கூடாது. 5 கிராமுக்குள்ள இறக்கினாத்தான் 'பி' கிடைக்கும். சர்க்கரையைக் குறைச்சா இனிப்பு மட்டுமா போகும்? வாயில நிக்கற அந்தக் கனமும் போயிடும். அதைத் திரும்பக் கொண்டு வர்றதுதான் என் பொழப்பு. தினமும் குடிச்சுக் குடிச்சுப் பார்த்து எனக்கு இப்ப தே ஓ கொசோங்தான் (பாலும் சர்க்கரையும் இல்லாத டீ) பிடிக்குது லா.

ஒண்ணு மட்டும், ஆன்ட்டி. உணவு அறிவியல் பட்டமும் இதுவும் வேற வேற. அதைப் படிச்சுட்டு வார்டு வேலை கேட்டா நடக்காது. விண்ணப்பிக்கும்போது படிப்போட முழுப் பேரைப் பார்த்துக்கோங்க.

ஈசூன்_அம்மா:
ரெண்டு பேருக்கும் நன்றி. சத்தமாப் படிச்சுக் காட்டினேன், இவர் மோர் டம்ளரைக் கீழ வச்சுட்டார்! உபகாரச் சம்பளம் (ஸ்காலர்ஷிப்) ஏதாவது உண்டா? அவளுக்கு ரத்தத்தைப் பார்த்தா மயக்கம் வேற வரும்.

கிழக்குக்கரை_டயட்டிஷன்:
அண்ணனைக் குடிக்கச் சொல்லுங்க, அது டயாலிசிஸ்காரங்களுக்கு மட்டும். எம்ஓஎச் ஹோல்டிங்ஸ்னு பொது மருத்துவமனைகளோட தாய் நிறுவனம் கொடுக்கற உபகாரச் சம்பளத்துல உணவியலும் இருக்கு, படிச்சு முடிச்சதும் பொது மருத்துவமனைகள்ல பாண்ட், அதாவது ஒப்பந்தப்படி சில வருஷம் வேலை பார்க்கணும். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு தாதிமை இல்லத்துல சாப்பாட்டு நேரத்துல தொண்டூழியம் செய்யட்டும். நாங்க ஊசி போடறதில்ல, ஆனா வாந்தி, குழாய், வாடை எல்லாம் உண்டு. அங்க நிக்க முடிஞ்சா வார்டும் முடியும். முடியலைன்னா பாலி_பையன் பக்கம் அனுப்பிடுங்க.