கோத்தகிரி 'பேய் பங்களா'வுக்குப் போகிறோம், தச்சு வேலை தெரிந்தவர் வேண்டும்

கோத்தகிரி அருகே பூட்டிக் கிடக்கும் ஒரு பழைய குடும்ப பங்களாவைப் பார்க்க ஐந்து பேர் போகிறோம். உரிமையாளர்களின் எழுத்து அனுமதி இருக்கிறது, வெளியூர் வண்டிக்கு இ-பாஸும் எடுத்தாயிற்று. 1819-ல் நீலகிரி மலையேறிய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் கோத்தகிரி பக்கம் கன்னேரிமுக்கில் கட்டிய பங்களா பழுதுபார்க்கப்பட்டுப் பிழைத்தது. இதற்கு அந்தக் கொடுப்பினை இல்லை, பேய் பேர்தான் மிச்சம்.

பேயைப் பற்றிக் கவலையில்லை, பலகைத் தளம்தான் பயம். சன்னலோரம் மழை இறங்கும் இடத்தில் மேலே பலகை நன்றாகத் தெரியும், அடியில் உத்திரத்தின் முனை உளுத்திருக்கும். ஆணி வரிசை ஓடும் கோட்டின் அடியில்தான் உத்திரம் இருக்கும், அதன் மேல்தான் கால் வைக்க வேண்டும். குத்தூசியால் குத்திப் பார்த்து உத்திரத்தின் நிலை சொல்லத் தெரிந்த தச்சர் யாராவது அரை நாள் வர முடியுமா? கூலி, சாப்பாடு, போக்குவரத்து எங்கள் பொறுப்பு.

'இரவில் காலடிச் சத்தம்' என்கிறார்கள். வெயிலில் விரிந்த மரமும் தகரமும் குளிரில் சுருங்கும்போது அப்படித்தான் சத்தம் வரும். மச்சில் மரநாய் ஓடினாலும் அதே கதை. எச்சத்தைப் பார்த்து மரநாயா ஆந்தையா என்று சொல்லக்கூடியவரும் வந்தால் நல்லது.

கணப்பில் தீ மூட்ட மாட்டோம். புகைபோக்கியைக் கூடு அடைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு அறைக்குள்ளேயே தங்கும். வாசனை இருக்காது; தலைவலி, மயக்கம், பிரமை எல்லாம் வரும். அதை அளக்கும் கருவி ஒரு நாள் இரவல் கிடைக்குமா?

காட்டுமாடு நடமாட்டம் இருப்பதால் மாலை நான்கு மணிக்கே இறங்கிவிடுவோம்.