போர்ட் எலன்: சுவைக்கு விலையா, பூட்டுக்கு விலையா?

பீப்பாய்ப்பித்தன்: ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் 1983-இல் மூடிய போர்ட் எலன் விஸ்கி ஆலை, 2024 மார்ச்சில் மறுபடி வடிக்கத் தொடங்கிவிட்டது. இனியும் பழைய சரக்குக்கு ஆயிரக்கணக்கான பவுண்டு கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகக் கொடுக்கலாம். அந்த விஸ்கி இனிப் பிறக்காது.

கசப்புமருந்து: செத்த எருமை எட்டுப் படி பால் கறந்த கதை! உயிரோடு இருந்தபோது அதை யார் தேடினார்கள்? வடித்ததில் பெரும்பங்கு, பல ஆலைகளின் சரக்கைச் சேர்த்துச் செய்யும் கலப்பு விஸ்கிக்குத்தான் போனது. 1980-களின் தொடக்கத்தில் விற்பனை படுத்துக் கிடங்குகள் நிரம்பி வழிந்தன. அன்றைய உரிமையாளரான டி.சி.எல். நிறுவனத்துக்கு ஐலாவில் மூன்று ஆலைகள். லகவூலினையும் கல் ஈலாவையும் வைத்துக்கொண்டு இதைத்தான் பூட்டினார்கள்.

பீப்பாய்ப்பித்தன்: கணக்குப்பிள்ளையின் முடிவு நாக்கின் முடிவாகிவிடாது. 1979-இல் வடித்ததை 22 ஆண்டு கழித்து, 2001-இல், இன்றைய உரிமையாளரான டியாஜியோ நிறுவனம் புட்டியில் அடைத்து வெளியிட்டது. வேறு விஸ்கியோடு கலக்காமல் குடித்துப் பார்த்த பிறகுதான் பலருக்கும் அருமை தெரிந்தது. எடின்பரோவில் ஒரு மதுக்கூடத்தில் ஒரு வாய் குடித்திருக்கிறேன். அணைந்த அடுப்பின் புகை, எலுமிச்சைத் தோல், கடல் உப்பு. விழுங்கி வெகுநேரம் பேச்சே வரவில்லை.

கசப்புமருந்து: அது ஆலையின் கைவண்ணமா, வயதின் கைவண்ணமா? எந்த நல்ல ஐலா விஸ்கியும் ஓக் பீப்பாயில் இருபது, முப்பது ஆண்டு கிடந்தால் புகையின் முரட்டுத்தனம் அடங்கும். ஆண்டுக்குச் சுமார் 2% ஆவியாகிப் போவதால் மிஞ்சுவதும் கொஞ்சம். அப்படி ஆவியாவதைத் 'தேவதைகளின் பங்கு' என்பார்கள். தேவதைகள் குடித்தது போக மீதிக்கு ஏலம் போடுகிறார்கள்!

செம்புவாலை: இடையில் ஒரு சொல். ஆலை மூடிய பிறகும் அதன் பக்கத்தில் 1973-இல் தொடங்கிய மால்ட் கூடம், அதாவது பார்லியை முளைக்கவைத்து உலர்த்தும் இடம், நிற்கவில்லை. லகவூலினுக்குப் பீட் என்ற சதுப்புநிலக் கரியால் புகையூட்டிய பார்லி அங்கிருந்துதான் போகிறது. ஆக, புகை சாகவே இல்லை. செத்தது, சாராயம் வடிக்கும் செம்புப் பாத்திரமான வாலைதான். ஸ்காட்லாந்தின் இன்னொரு ஆலையான பிரோராவும் 1983-இல் மூடியதுதான். ஆனால் பழைய வாலைகளையே பழுதுபார்த்து 2021-இல் திறந்தார்கள். 1993-இல் மூடிய ரோஸ்பேங்க் ஆலையில் வாலைகளைத் திருடர்களே கொண்டுபோய்விட்டார்கள். போர்ட் எலனில் இப்போது நிற்பவை பழைய வரைபடத்தைப் பார்த்து அடித்த புதுச் செம்பு.

பீப்பாய்ப்பித்தன்: அதையேதான் நானும் சொல்கிறேன். பாட்டியின் குறிப்பு கையில் இருந்தால் மட்டும் பாட்டியின் குழம்பு வந்துவிடுமா?

கசப்புமருந்து: பாட்டி குழம்பை யாரும் ஏலத்தில் எடுத்து அலமாரியில் பூட்டிவைப்பதில்லை, நண்பரே. ஒரு புட்டி வாங்கியதாகப் போன வருடம் எழுதினீர்களே, திறந்தாயிற்றா?

பீப்பாய்ப்பித்தன்: இல்லை.

கசப்புமருந்து: ஏன்?

பீப்பாய்ப்பித்தன்: மகள் திருமணத்துக்கு என்று வைத்திருக்கிறேன். அவளுக்கு இப்போது வயது ஒன்பது.

கசப்புமருந்து: பத்திரிகை அனுப்புங்கள். எதிர்க்கட்சியாகவே வந்து முதல் கோப்பையைக் குடிக்கிறேன்.